மஹிந்திரா தார் பின்பக்கம்: காலியாப் போனா குதிக்குது, கல்லு ஏத்துனா இடிக்குது. பட்டையா, ஷாக்கா, எதை மாத்தலாம்?

கல்லுக்காரன் (ஆத்தங்குடி)

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வருசமா இங்க வந்து படிச்சுட்டுச் சத்தமில்லாமப் போறவன். மொத தடவையா கேக்குறேன். கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கங்க.

வண்டி 2017 மஹிந்திரா தார், சி.ஆர்.டி.இ. (டீசல்), ஃபோர் வீல் டிரைவ். செகண்ட் ஹேண்ட்ல எடுத்தது, இப்ப 71,000 கி.மீ. முன்னாடி டார்ஷன் பார் ஸ்பிரிங்கு, பின்னாடி பட்டை (லீஃப் ஸ்பிரிங்கு). ஷாக் உட்பட எல்லாம் கம்பெனி மாட்டி அனுப்பினது. டயர் 235/70 ஆர்16.

வீட்டுத் தொழில் ஆத்தங்குடிக் கல்லு. பெரிய லோடு எல்லாம் குட்டியானையில போயிரும், அதுல சிக்கல் இல்ல. கடைசி ரெண்டு மூணு கிலோமீட்டர்தான் உயிர எடுக்குது. இப்ப வர்ற ஆர்டர்ல பாதி தோப்பு வீடு, பண்ணை வீடு. கண்மாய்க் கரை மேல போயி, கலுங்குப் பக்கம் இறங்கி, டிராக்டர் தடத்துல ஏறணும். அங்க குட்டியானை வராது. வண்டி வந்தாலும் டிரைவர் வரமாட்டாரு. அதனால தார்ல பின் பெஞ்சக் கழட்டிட்டு ஒரு நடைக்கு 160 கல்லு ஏத்துறோம். எட்டுக்கு எட்டு இஞ்சு கல்லு ஒண்ணு எங்க பட்டறையில 1.8 கிலோ நிக்குது. ஆக 288 கிலோ.

போன மாசம் கல்லல் பக்கம் ஒரு தோப்பு வீட்டுக்கு மூணு நடை, 480 கல்லு. இறக்கிப் பாத்தா 23 கல்லுக்கு மூலை போயிருச்சு. தெரியாதவங்களுக்குச் சொல்றேன், இது சூளையில வேகுற கல்லு இல்ல. கண்ணாடி மேல அச்சு வச்சு, கட்டத்துக்குக் கட்டம் கலரு ஊத்தி, அச்சத் தூக்கிட்டு, மேல மணலும் சிமிட்டியும் தூவி, பின்னாடி சாந்து அணைச்சு, காஞ்ச பெறகு தண்ணித் தொட்டியில ஊறப்போட்டு எடுக்குறது. கண்ணாடி விட்டுப் பிரியும்போது வர்ற பளபளப்புதான் அதோட உசுரு. மூலை ஒடஞ்சா ஒட்ட வழி இல்ல. கலரு கையால கலக்குறது, அடுத்த ஊத்துல அச்சு அசலா அதே செவப்பு வராது. 23 கல்லு போச்சுன்னா 23 கல்லு ஊத்தினாப் போதும்னு நெனைக்காதீங்க, ஒரு ரூமுக்கே திரும்ப ஊத்த வேண்டி வரும்.

காலியாத் திரும்புறப்ப வேற கூத்து. செம்மண் சரளை ரோடு அம்மி கொத்துன மாதிரி வரி வரியா இருக்கும்ல, அதுல 35-ல போனாலே பின்பக்கம் தத்தித் தத்தி ஒதுங்குது. எங்க அப்பத்தா ஒரே ஒரு தடவ ஏறிட்டு, “ஏண்டா, இதுக்கு மாட்டுவண்டி தேவலாம்டா, மாடாச்சும் பாத்து நடக்கும்”னு சொல்லிருச்சு. அதுக்கப்பறம் ஏறல.

ஒரு கடையில வண்டிய ரெண்டு இஞ்சு தூக்குற லிஃப்ட் கிட் போடச் சொல்றாங்க. இன்னொருத்தர் பட்டை ஒண்ணு கூட்டுங்கன்றாரு. ஷாக் மட்டும் மாத்துனாப் போதும்னு மச்சான் சொல்றான். கையில 40,000 இருக்கு. கானாடுகாத்தான்ல ஒரு வேலை பிள்ளையார் நோன்புக்குள்ள முடிச்சுக் குடுக்கணும், அதுக்குள்ள வண்டி சரியாகணும். என்ன பண்ணலாம்?


சேறுபூசி (மதுரை)

ப்ரோ, யோசிக்கவே வேணாம். முன்னாடி டார்ஷன் பார் போல்ட்ட நாலு சுத்து ஏத்துங்க, பின்னாடி நீள ஷாக்கிள் (பட்டை முனையச் சேஸோட கோக்குற கொண்டி), 31 இஞ்சு டயர். கண்மாய்க்குள்ள எறங்குனா சும்மா தெறிக்கும். என் வண்டி அப்படித்தான் நிக்குது, போற எடமெல்லாம் போட்டோ எடுக்குறாங்க. பட்ஜெட்டும் மிஞ்சும்.


பட்டைப் பட்டறை (தேவகோட்டை)

சேறுபூசி தம்பி, வண்டி நிக்கிறப்ப போட்டோ எடுப்பாங்க சரி. ஓடுறப்பப் பக்கத்துல உக்காந்தவங்க என்ன சொல்றாங்க? வெளையாட்டுக்குக் கேக்கல. நானும் இதே வண்டியில இதே வேலையப் பாத்தவன்தான்.

டார்ஷன் பார்னா முறுக்குக் கம்பி. போல்ட்டத் திருகினா கம்பி விறைப்பாகுதுன்னு ஊரு முழுக்க நம்புறாங்க. கம்பியோட விறைப்பு அதே விறைப்புதான். முறுக்கத் தொடங்குற எடம் மட்டும் மாறுது, மூக்கு தூக்குது. தூக்குன உயரம் சும்மா வரல, சக்கரம் கீழ தொங்குறதுக்கு இருந்த எடத்தத் தின்னுட்டு வருது. பள்ளத்துல சக்கரம் எறங்கத் தேடும், எறங்க எடம் இருக்காது, மேல் ஆர்ம் ஸ்டாப்பர்ல போயி டொக்குனு தட்டும். நான் ஆசப்பட்டு ஏத்தி மூணு மாசத்துல ஆக்ஸில் ரப்பர் பூட் கிழிஞ்சு, கிரீஸ் எல்லாம் ரிம்முக்கு உள்பக்கம் தெளிச்சுக் கெடந்துச்சு. ஜாயின்ட் எப்பவும் கோணலாவே சுத்துனா வேற என்ன ஆகும்.

நீள ஷாக்கிளும் அப்படித்தான். ரெண்டு இஞ்சு நீளம் கூட்டினா வண்டி ஒரு இஞ்சுதான் ஏறும், ஏன்னா பட்டையோட ஒரு முனைதான் எறங்குது. கூடவே ஆக்ஸில் கொஞ்சம் சொழலும், பின் ஷாஃப்ட்டோட கோணம் மாறும், 60-க்கு மேல ஒரு அதிர்வு வந்து உக்காந்துக்கும். அப்பறம் சக்கரம் பேலன்ஸ் பண்ணு, டயர மாத்துன்னு அலையணும்.

டயர் விசயம் மட்டும் கொஞ்சம் நெசம். பின் ஆக்ஸில் முழுத்தண்டு. வண்டிய எம்புட்டுத் தூக்கினாலும் அந்த டிஃபரன்ஷியல் உருண்டை தரையில இருந்து அதே உயரத்துலதான் தொங்கும். அதத் தூக்க டயர் ஒண்ணுதான் வழி. 245/75 ஆர்16 போட்டா உருண்டை 19 மி.மீ. உசரும். மீட்டர் 60 காட்டுனா நெசத்துல 63-ல போவீங்க. டிராக்டர் தடத்துல நடுமேடு இடிச்சா அதுக்காக மாத்தலாம். கல்லு ஒடயிறதுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல.

இப்ப கல்லுக்காரத் தம்பிக்கு. நான் லாரிப் பட்டை, ஜீப்புப் பட்டை கட்டுறவன். பட்டை வித்தாத்தான் எனக்குக் காசு. இருந்தாலும் சொல்றேன், இப்பவே பட்டை கூட்டாதீங்க. ஒரே கனத்துல ஆறு பட்டை இருக்குற செட்டுல இன்னொண்ணு கூட்டினா ஆறுல ஒரு பங்கு விறைப்பு ஏறும். கனமான பட்டையா வச்சா அந்தக் கணக்கே வேற, கனம் ரெண்டு மடங்குன்னா அந்தப் பட்டை எட்டு மடங்கு விறைக்கும். கல்லோட போறப்ப நல்லாருக்கும். காலியாத் திரும்புறப்ப அப்பத்தா சொன்ன மாட்டுவண்டி கூட இல்ல, உரல உருட்டிட்டுப் போற கதைதான்.

மொதல்ல மூணு வேலை பாருங்க, பெருசா காசு செலவில்லாதது.

எடை மேடைக்குப் போங்க. முன் சக்கரம் மட்டும் ஏத்தி ஒரு எடை, பின் சக்கரம் மட்டும் ஏத்தி ஒரு எடை. காலியா ஒரு தடவ, 160 கல்லோட ஒரு தடவ. நீங்க எப்பவும் ஏத்துற மாதிரியே ஏத்தி நிறுத்தணும், எனக்காக அடுக்காதீங்க.

ஆக்ஸில் மேல ஏறி சேஸ்ல இடிக்காமத் தடுக்குற பம்ப் ஸ்டாப் ரப்பருக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவுல எத்தன மி.மீ. இடம் இருக்குன்னு காலியா ஒண்ணு, லோடோட ஒண்ணு, ஸ்கேல் வச்சு அளங்க. ரெண்டு பக்கமும்.

அப்பறம் அப்பத்தாகிட்ட வெத்தலச் சுண்ணாம்பு கொஞ்சம் வாங்கி, அந்த ரப்பர் நுனியில தடவுங்க. கல்லல் பாதையில லோடோட ஒரு நடை. ஆக்ஸில் மேல வெள்ளை ஒட்டியிருந்தா அடிவரைக்கும் இடிக்குதுன்னு அர்த்தம். தொடச்சுட்டு, திரும்பத் தடவி, காலியா ஒரு நடை. அத வந்து சொல்லுங்க, மீதிய நான் சொல்றேன்.


மாட்டு டாக்டர் (சிங்கம்புணரி)

பட்டறை அண்ணே சொல்றது சரி. நான் ஓட்டுறது ஜிப்சி. நாலு பக்கமும் பட்டை, காலி எடை ஒரு டன்னு கூட வராது, அதனால குதிக்கிறதப் பத்தி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேணாம். தடுப்பூசிப் பெட்டியோட தொழுவம் தொழுவமாப் போறவ நான். பாட்டில் ஒடஞ்ச கதை எனக்கும் உண்டு.

கல்லுக்காரரே, டயர்ல எவ்வளவு காத்து வைக்கிறீங்கன்னு நீங்க எழுதவே இல்ல. லோடு ஏத்துறோமேன்னு 38, 40 பவுண்டு அடிச்சு வச்சு, காலியா வர்றப்பவும் அதே காத்துல வர்றீங்கன்னு நெனைக்கிறேன். வரி வரியா இருக்குற சரளையில மொத ஸ்பிரிங்கு டயர்தான். நான் தார் ரோடு முடியுற எடத்துல நிறுத்தி 22-க்கு எறக்குவேன். மணல்ல ஓட்டுறவங்க 15 வரைக்கும் எறக்குவாங்க, நம்ம பக்கம் அது ஆகாது. காத்து கொறைய கொறைய டயரோட பக்கச் சுவரு வெளிய பிதுங்கும், கண்மாய்க் கரை முழுக்கச் சீமைக்கருவேல முள்ளு. மிதிக்கிற பக்கத்துல ஏறுனா திரி வச்சு அடைக்கலாம், பக்கச் சுவத்துல ஏறுனா டயரத் தூக்கித்தான் போடணும். 22-ல வேகம் 30-க்கு மேல வேணாம், திரும்ப தார் ரோடு ஏறுறதுக்கு முன்னாடி காத்து அடிச்சே ஆகணும். லைட்டர் சாக்கெட்டுல சொருகுற சின்ன கம்ப்ரசர் ஒண்ணு வாங்கிக்கங்க. கல்லோட போறப்ப எறக்காதீங்க, லோடு வண்டியில காத்து கொறஞ்சா டயர் சூடேறும்.

இன்னொண்ணு. லிஃப்ட் கிட் விக்கிற கடையில இத யாரும் சொல்லமாட்டாங்க. வண்டிய கம்பெனி குடுத்த அடிப்படை விவரத்துல இருந்து மாறுற மாதிரி மாத்தக்கூடாதுன்னு மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு சொல்லுது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் அத உறுதியாச் சொல்லிருச்சு. அதே வருசத் திருத்தத்துல வந்த 182ஏ பிரிவுல, ஓனர் செய்யிற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபா அபராதம், இல்லாட்டி ஆறு மாசம் வரைக்கும் செறை, இல்லாட்டி ரெண்டும். தேஞ்ச ஷாக்க அதே அளவு ஷாக்கால மாத்துறது பராமரிப்பு. ரெண்டு இஞ்சு தூக்குறது வேற விசயம். ஏதாவது ஆகி இன்சூரன்ஸ்காரங்க வந்து பாத்தா மொத கேள்வி அதுதான்.

அப்பறம் ஷாக்கிள்ல இருக்குற ரப்பர் புஷ்ஷப் பாருங்கண்ணே. வேட்டங்குடிச் சரணாலயத்துப் பக்கம் பறவைக்காகத் தீபாவளிக்கே வெடி போடாத ஊரு கொள்ளுக்குடிப்பட்டி. அந்த ரோட்டுல என் ஜிப்சி கிறீச் கிறீச்னு போனப்ப ஒரு பெரியவரு கைய ஆட்டி நிறுத்தி, “ஏத்தா, வண்டிக்கு எண்ணெ போட மாட்டியா”ன்னு கேட்டாரு. மறுநாளே மாத்திட்டேன்.


கல்லுக்காரன் (ஆத்தங்குடி)

டாக்டரக்கா, கையும் களவுமாப் புடிச்சுட்டீங்க. 40 பவுண்டு. வருசம் முழுக்க 40. லோடு இருந்தாலும் இல்லாட்டியும்.

அண்ணே, நீங்க சொன்னதெல்லாம் பாத்துட்டேன். எடை மேடைக்காரரு நாலு தடவ ஏறி எறங்குனதப் பாத்து, பழைய இரும்புக்குப் போடப் போறீங்களான்னு கேட்டாரு.

காலியா: முன்ன 950, பின்ன 790, மொத்தம் 1,740 கிலோ. நான் உள்ள இருந்தேன்.
160 கல்லோட: முன்ன 900, பின்ன 1,130, மொத்தம் 2,030.

பம்ப் ஸ்டாப் இடைவெளி காலியா 95 மி.மீ., லோடோட 40. இடதும் வலதும் ஏறக்கொறைய ஒண்ணுதான்.

சுண்ணாம்பு: லோடோட போனப்ப ரெண்டு பக்கமும் ஆக்ஸில் மேல வெள்ளையா வட்டம் விழுந்திருந்துச்சு, நாமம் போட்ட மாதிரி. காலியா வந்தப்ப ஒண்ணுமே இல்ல. அம்புட்டுக் குதி குதிச்சும் தொடவே இல்ல. அது எனக்கு ஆச்சரியமா இருந்துச்சு.

அப்பத்தாவுக்கு இப்ப வண்டி மேல ஒரு பிடிப்பு வந்துருச்சு. தெனமும், “என்னடா, சுண்ணாம்பு ஒட்டுச்சா”ன்னு கேக்குது.


பட்டைப் பட்டறை (தேவகோட்டை)

எடைய இன்னொரு தடவ பாருங்க தம்பி. கல்லு ஏத்தினப்பறம் முன்பக்கம் 950-ல இருந்து 900-க்கு எறங்கியிருக்கு. ஏத்தினது 290, பின்னால ஏறினது 340. அந்த அம்பது கிலோ எங்கேருந்து வந்துச்சு? முன் சக்கரத்துல இருந்து புடுங்கி வந்திருக்கு. அப்படின்னா உங்க லோடு பின் ஆக்ஸில் மேல உக்காரல, அதத் தாண்டிப் பின்னால தொங்குது. ஏத்தம் மாதிரி. பின்ன அமுக்குனா முன்ன தூக்கும்.

எவ்வளவு பின்னாலன்னும் சொல்றேன். வண்டியோட ரெண்டு ஆக்ஸிலுக்கும் நடுவுல 2,430 மி.மீ. அத 50-ஆல பெருக்கி 290-ஆல வகுத்தா 419 வருது. அதாவது லோடோட நடு, ஆக்ஸிலுக்கு 42 சென்டிமீட்டர் பின்னால. நீங்க கல்ல டெயில் கேட்ட ஒட்டி ரெண்டு அடுக்கா வைக்கிறீங்க, எறக்க வசதின்னு. சரியா?

உங்க கல்லு அகலம் எட்டு இஞ்சு. ரெண்டு கல்லு அகலம் முன்னால தள்ளுங்க. அம்புட்டுதான். பின் ஆக்ஸில் மேல 50 கிலோ கொறையும், ஸ்டியரிங் கனம் திரும்ப வரும். வால் ஆடுற ஆட்டமும் கொறையும், ஏன்னா ஆக்ஸிலுக்குப் பின்னால தொங்குற எடையத்தான் பள்ளம் எகிறி எகிறி அடிக்கும். ஊஞ்சல்ல நடுவுல உக்காந்தவனையும் ஓரத்துல உக்காந்தவனையும் நெனச்சுக்கங்க. இடைவெளியும் 40-க்குப் பதிலா 48 கிட்ட நிக்கும். உங்க அளவ வச்சே சொல்றேன், ஒரு பக்கம் 170 கிலோவுக்கு 55 மி.மீ. எறங்குது, மி.மீ.க்கு மூணு கிலோ சொச்சம். நல்ல பட்டைதான், செத்துப் போகல.

அப்ப எது செத்துப் போச்சு? காலியா வர்றப்ப சுண்ணாம்பு ஒட்டல, ஆனா குதிக்குது. அடிவரைக்கும் போகாமலே குதிக்குதுன்னா பட்டைய அடக்குறதுக்கு ஆளில்ல. ஷாக் போச்சு. 71,000 கி.மீ., அதுவும் நம்ம சரளையில, ஆச்சரியமில்ல. ஷாக்குங்கிறது எண்ணெய ஓட்ட வழியா நெருக்கி ஆட்டத்தச் சூடா மாத்துற சாமான், வேற ஒண்ணும் மந்திரமில்ல. வரி ரோட்டுல பத்து நிமிசம் ஓட்டிட்டு எறங்கி ஷாக்கத் தொட்டுப் பாருங்க. சூடா இருந்தா வேலை செய்யுது. பக்கத்துல இருக்குற சேஸ் மாதிரியே ஆறிக் கெடந்தா அது சும்மா தொங்குது. ஆனா பாத்துத் தொடுங்க, நல்ல ஷாக்கு கையச் சுட்டுரும்.

சாதா ஷாக்ல எண்ணெயும் காத்தும் ஒரே கூட்டுக்குள்ள இருக்கும். வரி ரோட்டுல கொதிக்கிற ரசம் மாதிரி நுரைச்சுப் போயி, அப்பறம் அது நெருக்குறது எண்ணெய இல்ல, நுரையத்தான். கேஸ் ஷாக்ல நைட்ரஜன அழுத்தத்தோட அடைச்சிருப்பாங்க, நுரை சுலபமா கெளம்பாது. உங்களுக்கு அதுதான்.

மோனோ டியூப்பா, ட்வின் டியூப்பான்னு அடுத்து கேப்பீங்க. சூடு தாங்குறதுல மோனோ கெட்டிக்காரன், மறுக்கல. ஆனா அதுல வெளிச்சுவருதான் பிஸ்டன் ஓடுற சுவரு. சரளைக் கல்லு தெறிச்சு ஒரு நசுங்கல் விழுந்தா பிஸ்டன் மாட்டிக்கும். ட்வின்ல வெளிய ஒரு குழாய், உள்ள ஒரு குழாய். வெளிய நசுங்குனாலும் உள்ள ஓடும். கண்மாய்க் கரைக்கு நான் ட்வின் கேஸ் சொல்லுவேன். ஓல்ட் மேன் ஈமு நைட்ரோசார்ஜர் அந்த ரகம். ரான்சோ 9000 எக்ஸ்.எல்.ல ஒம்பது படி திருகு இருக்கு, லோடுக்குக் கூட்டி காலிக்குக் கொறைக்கலாம், கேக்க அழகா இருக்கும். மாட்டின புதுசுல தெனம் திருகுவீங்க. நாலாவது வாரத்துல இருந்து கையில சேறாகுதுன்னு அஞ்சுல விட்டுட்டு மறந்துருவீங்க. என்கிட்ட வந்த அத்தன பேரும் அப்படித்தான். எது வாங்குனாலும் கம்பெனி நீளத்துக்கே வாங்குங்க, லிஃப்டுக்குன்னு விக்கிற நீள ஷாக் வேணாம். நீளமான ஷாக்கு மேல ஏறுறப்ப ரப்பர் தொடுறதுக்கு முன்னாடி அதுவே முட்டி நிக்கும், உள்ள வால்வு போயிரும்.

ஷாக் கழட்டுற அன்னிக்கே பட்டை செட்டப் பிரிச்சுருங்க. நடுவுல செம்மண்ணும் துருவும் கட்டி ஏறியிருக்கும், பட்டை ஒண்ணு மேல ஒண்ணு வழுக்கவே வழுக்காது. அந்த ஒரசல்தான் சின்னச் சின்ன வரியில குலுக்கலா வருது. கம்பிப் பிரஷ்ல தேச்சு, கிராஃபைட் கிரீஸ் தடவி, பட்டைகள நடுவுல கோக்குற சென்டர் போல்ட்ட புதுசாப் போட்டுக் கட்டணும். பட்டைய ஆக்ஸிலோட சேத்துக் கட்டுற யு போல்ட் நாலும் புதுசு. ஒருதடவ முறுக்குன யு போல்ட் இழுபட்டிருக்கும், திரும்ப அதே இறுக்கம் நிக்காது. யு போல்ட் தளந்தா மொத்த இழுப்பும் சென்டர் போல்ட் மேல போயி அது அறுந்துரும், ஆக்ஸில் கோணலா நகந்துரும். அந்த மாதிரி நண்டு நடை நடந்து வந்த லாரி எத்தனையோ பாத்தாச்சு.

புஷ் ரப்பரே போடுங்க, பாலியூரித்தேன் வேணாம். அது காலத்துக்கும் உழைக்கும்தான், ஆனா சின்ன அதிர்வ அப்படியே மேல அனுப்பும், உங்க சரக்குக்கு ஆகாது. ரப்பர் புஷ்ல ஒரு விசயத்த மட்டும் மெக்கானிக் பக்கத்துல நின்னு பாருங்க. வண்டி ஜாக்கில தொங்குறப்ப போல்ட்ட முழுசா இறுக்கக்கூடாது. சக்கரம் தரையில நின்னு, எடை எறங்குனப்பறம்தான் கடைசி இறுக்கு. தொங்குறப்பவே இறுக்கிட்டா வண்டிய எறக்குன நிமிசமே ரப்பர் முறுக்கிக்கிட்டு நிக்கும், ஆறு மாசத்துல கிழியும். பத்துக்கு எட்டு எடத்துல இத யாரும் பாக்குறதில்ல. அவசரம்.

கடைசியா, யாராவது பழைய பட்டையத் தீயில காட்டி வளைச்சுத் தர்றேன்னு சொன்னா கும்புட்டுட்டு வந்துருங்க. காச்சின பட்டைய எண்ணெயில தோச்சு, திரும்பப் பதமா சூடு காட்டி எடுத்தாத்தான் வில்லுத் தன்மை நிக்கும். ரோட்டோரக் காச்சல்ல அது நடக்காது, ஒரு மாசத்துல தொய்ஞ்சுரும். பழைய பட்டை திருப்பாச்சேத்திக்குப் போயி அருவாளா ஆகட்டும். வண்டிக்குத் திரும்ப வர வேணாம்.


சேறுபூசி (மதுரை)

பட்டறை அண்ணே, என் வண்டியில முன்ன டொக் டொக்னு ஒரு சத்தம் வருது, ரோடு சரியில்லன்னு நெனச்சிட்டு இருந்தேன் 😅 நாலு சுத்த எறக்கிப் பாக்குறேன்.


கல்லுக்காரன் (ஆத்தங்குடி)

மூணு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிச்சுக்கங்க. மழைக்கு முன்னாடி கல்லு ஊறப்போட்டு எடுக்குற வேலை.

அண்ணன் சொன்ன கணக்க எங்க பட்டறையில பசங்ககிட்ட படிச்சுக் காட்டினேன். ரெண்டு கல்லு அகலம்னதும் ஒருத்தன் போயி உண்மையாவே வண்டியில ரெண்டு கல்ல வச்சு அளந்து சாக்பீஸ்ல கோடு போட்டுட்டான். இப்ப அந்தக் கோட்டுக்குப் பின்னால கல்லு வைக்கிறதில்ல. டெயில் கேட்டப் பக்கம் வைக்கோலும் காலிச் சாக்கும். எறக்குறவனுக்குத்தான் குனிஞ்சு எட்டி எடுக்கணும், கொஞ்சம் மொனகுறான்.

ஷாக்குக்கு முன்னாடி இத மட்டும் மாத்தி ஒரு நடை போனேன், எது எவ்வளவு வேலை செய்யுதுன்னு தெரியணுமே. சுண்ணாம்பு அப்பவும் ஒட்டுச்சு. ஆனா முந்தி முழு வட்டம், இப்ப பிறை. ஸ்டியரிங் வித்தியாசம் கலுங்கு எறக்கத்துலயே தெரிஞ்சுச்சு. முந்தி அங்க வண்டி தானா ஒரு பக்கம் நழுவுற மாதிரி இருக்கும், நான் மண்ணத் திட்டுவேன்.

அப்பறம் பின்னாடி ரெண்டுக்கும் ட்வின் டியூப் கேஸ் ஷாக், கம்பெனி நீளம். பட்டை பிரிச்சப்ப நடுவுல இருந்து ஒரு கை செம்மண் கொட்டுச்சு. கலரு நல்லாத்தான் இருந்துச்சு, கல்லுக்கு ஆகும் போல. இறுக்குறப்ப நான் பக்கத்துலயே நின்னேன். தொங்கவிட்டே இறுக்கப் பாத்தாங்க, நீங்க சொன்னதச் சொன்னேன். ஒரு மாதிரியாப் பாத்துட்டு எறக்கி இறுக்குனாங்க. நூறு கிலோமீட்டர்ல யு போல்ட்டத் திரும்ப இறுக்கிட்டேன், கால் சுத்து ஏறுச்சு. முன் ஷாக் ரெண்டையும் இன்னும் தொடல, அடுத்த மாசம். கம்ப்ரசரும் சேத்து இதுவரைக்கும் 27,000-த்துச் சொச்சம்.

கானாடுகாத்தான் வேலை தார் ரோட்டு ஓரம்தான், அதுல சோதிக்க வழியில்ல. அதனால கல்லல் தோப்புக்கே ஒடஞ்சதுக்குப் பதில் கல்லு ஊத்திக் கொண்டு போனேன், ரூமு முழுக்க, 160. எறக்கி எண்ணுனா ஒரு கல்லு மூலை. அதுவும் எறக்குறவன் கைதவறிப் போட்டதுன்னு அவனே ஒத்துக்கிட்டான். சுண்ணாம்பு ஒட்டல. காலியா வர்றப்ப 24 பவுண்டுல வந்தேன் டாக்டரக்கா, 22-க்கு எறக்க மனசு வரல, அந்தப் பக்கம் முள்ளு ஜாஸ்தி. வரி ரோட்டுல கடகடன்னு இருக்கு, ஆனா பின்பக்கம் ஒதுங்கல.

அப்பத்தா ஏறுச்சு. கல்லல் போயி வந்துட்டு ஒண்ணுமே சொல்லல. எறங்குறப்ப மட்டும், “மிச்சச் சுண்ணாம்ப எங்கடா வச்சே”ன்னு கேட்டுச்சு.

அண்ணே, ஒண்ணு பாக்கி. பட்டை திரும்பக் கட்டினதுல இருந்து இடது பக்கம் 8 மி.மீ. தாழ நிக்குது. முந்தி ரெண்டும் சமமா இருந்துச்சு. சனிக்கிழமை தேவகோட்டைக்கு எடுத்துட்டு வரட்டுமா?


பட்டைப் பட்டறை (தேவகோட்டை)

எடுத்துட்டு வாங்க தம்பி. பட்டைய எடம் மாத்திக் கட்டியிருப்பாங்க, இல்லாட்டி ஒரு பக்கம் ஷாக்கிள் போல்ட் மட்டும் தொங்கவிட்டு இறுக்கினதா இருக்கும். போல்ட்ட லூஸ் பண்ணி வண்டியக் குலுக்குனாலே தெரிஞ்சுரும். காலையில ஏழு மணிக்கு வாங்க, வெயில் ஏறுறதுக்குள்ள பாத்துரலாம்.

வர்றப்ப அந்த மூலை ஒடஞ்ச 23-ம் இருந்தா எடுத்துட்டு வாங்க. பட்டறை வாசப்படி ரொம்ப நாளாக் குழியாக் கெடக்கு.